எலிசபெத் காலத்து இங்கிலாந்தில் என்ன உடுத்தினார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில இலக்கியம் படிப்பவர்களும் கல்லூரி நாடகத்துக்கு உடை தேடுபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். அந்தக் காலத்தில் தையல்கூலி மலிவு, துணிதான் விலை. ஒரு கவுனுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு துணிக்கே போய்விடும். அதனால் உடையை நகை மாதிரி, நிலம் மாதிரி ஒரு சொத்தாகப் பார்த்தார்கள். பிரித்துத் திருப்பித் தைத்தார்கள், அடகு வைத்தார்கள், உயிலில் எழுதி வைத்தார்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

மறுமலர்ச்சிக் காலம் என்றால் எந்த ஆண்டுகள்?

இத்தாலியில் அது 14, 15-ஆம் நூற்றாண்டுகளிலேயே வேர்பிடித்துவிட்டது. இங்கிலாந்துக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஏழாம் ஹென்றி அரியணை ஏறிய 1485 முதல் முதலாம் எலிசபெத் இறந்த 1603 வரையிலான டியூடர் காலத்தைப் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். நான் பெரும்பாலும் எலிசபெத் ஆண்ட 1558–1603 பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு சீமாட்டி எத்தனை அடுக்கு உடுத்தினாள்?

முதலில் உடம்பை ஒட்டி ஒரு லினன் உள்ளங்கி. ஸ்மாக் என்று அதற்குப் பெயர். காலுறை நழுவாமலிருக்க முழங்காலருகே நாடாவால் கட்டுவார்கள். அப்புறம் உள்பாவாடை, அதன்மேல் மார்பைத் தட்டையாக இறுக்கிப் பிடிக்கும் கச்சு. பிற்காலத்தில் கார்செட் என்று பெயர் பெற்றது இதுதான். அன்று அதை 'ஒரு ஜோடி பாடிஸ்' என்றார்கள். 1603-இல் எலிசபெத்தின் இறுதி ஊர்வலத்துக்கு அவர் உருவில் ஒரு பொம்மை செய்தார்கள். அந்தப் பொம்மைக்கு அணிவித்த கச்சு லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது.

கச்சுக்குப் பிறகு பாவாடையை விரித்துக் காட்டும் வளையக் கூடு, ஃபார்திங்கேல். ஸ்பெயின் இளவரசி கேத்தரின் 1501-இல் இங்கிலாந்துக்கு மணமகளாக வந்தபோது அவரோடு வந்த பெண்கள் இதை அணிந்திருந்தார்கள். ஆனால் ஆங்கிலேயப் பெண்கள் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. 1545-இல் இளம் எலிசபெத்துக்காகச் சிவப்பு சாட்டினில் ஒன்று தைத்த கணக்கு இருக்கிறது. அது மணி வடிவம். 1590களில் பரவலாக இருந்த பிரெஞ்சு வகையோ இடுப்பைச் சுற்றிச் சக்கரம் வைத்தது போல் விரியும். அரசியின் கடைசிக் காலப் படங்களில் பாவாடை மேசைபோல் பரந்து நிற்பது இதனால்தான்.

கூட்டின்மேல் கர்ட்டில் என்ற உள்கவுன், அதற்கும் மேலே கவுன். கவுன் முன்பக்கம் பிளந்திருக்கும். அந்தப் பிளவில் தெரியும் இடத்துக்கு மட்டும் விலையுயர்ந்த துணியில் ஒரு முன்துண்டு வைப்பார்கள். கண்ணில் படாத இடத்தில் மலிவுத் துணி போட்டுக்கொள்ளலாம். கைகளும் தனி உருப்படிகள்தான். தோள்பட்டையில் நாடாவால் கட்டுவார்கள் அல்லது குண்டூசியால் குத்துவார்கள். ஒரே கவுனுக்கு இன்று ஒரு ஜோடி கை, நாளை வேறு ஜோடி. படங்களில் நாம் பார்க்கும் பல 'புதிய' உடைகள் இப்படி மாற்றிப் பூட்டியவை என்பது என் எண்ணம். அரச குடும்பத்துக்குக் குண்டூசிகள் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்டன. காலையில் உடுத்திவிடுவதும் இரவில் கழற்றிவிடுவதும் பணிப்பெண்களின் வேலை.

ஆண்கள் ஏன் தொடையில் பூசணிக்காய் கட்டியது போல் இருக்கிறார்கள்?

அது டிரங்க் ஹோஸ். இடுப்பிலிருந்து தொடை நடுவரை உப்பிய குட்டைக் கால்சட்டை. உள்ளே குதிரைமயிர், கம்பளி, கிழிந்த துணி, சில சமயம் தவிடுகூட அடைப்பார்கள். மேலே டப்ளட் என்ற இறுக்கமான சட்டை. 1580களில் டப்ளட்டின் முன்பக்கத்தையும் பஞ்சடைத்துத் தொப்பைபோல் கூர்மையாக இறக்கிவிடுவது நாகரிகமாக இருந்தது. டப்ளட்டையும் ஹோஸையும் இணைப்பது உலோக முனை வைத்த நாடாக்கள்.

காலைக் காட்டுவது அன்று ஆண்களின் அழகு. பெண்ணின் கால் தெரியக்கூடாது, ஆணின் கால் தெரிந்தே ஆகவேண்டும். அதனால்தான் பட்டுக் காலுறைக்கு அத்தனை மவுசு. நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த பாதிரியார் வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் எந்திரத்தைக் கண்டுபிடித்தார். அரசி உரிமம் தரவில்லை. கையால் பின்னிப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடிக்கும் என்று அவர் தயங்கியதாகச் சொல்வார்கள். லீ பிரான்சுக்குப் போய்விட்டார். பின்னாளில் அவர் வடிவமைத்த எந்திரத்தை வைத்தே நாட்டிங்ஹாம் பகுதியில் ஒரு பெரிய தொழில் வளர்ந்தது. தன் கண்ணால் அதைப் பார்க்காமலே அவர் இறந்துபோனார் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி.

கழுத்தைச் சுற்றி இருக்கும் அந்தச் சக்கரம் என்ன? எப்படி நின்றது?

என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். அதற்குப் பெயர் ரஃப். ஆரம்பத்தில் அது வெறும் சட்டைக் கழுத்தின் சுருக்கு. நாடாவை இழுத்துக் கட்டினால் விளிம்பு கொசகொசவென்று சுருங்கும் அல்லவா, அவ்வளவுதான். மெல்ல அது பெரிதாகி, 1560களில் கழற்றி மாட்டும் தனி உருப்படியானது. மிக நீளமான மெல்லிய லினன் துணியை 8 என்ற எண்ணின் வடிவில் மடிப்பு மடிப்பாகக் கொசுவி ஒரு பட்டையில் தைப்பார்கள்.

அதை நிறுத்தி வைத்தது கஞ்சி. கோதுமையிலிருந்து எடுத்த கஞ்சி. அரசிக்கு மெல்லிய லினனில் ரஃப் வந்தபோது அதற்குக் கஞ்சி போடத் தெரிந்தவர் இங்கிலாந்தில் யாருமில்லை. டச்சுப் பெண்களை வரவழைத்தார்கள். அரசியின் வண்டியோட்டி குய்லம் பூனன் என்ற டச்சுக்காரர், அவருடைய மனைவிதான் அரசிக்கு முதன்முதலில் கஞ்சி போட்டவர். 1564-இல் ஃபிளாண்டர்ஸிலிருந்து டிங்கன் வான் டெர் பிளாஸ் என்ற பெண் கணவனோடு லண்டனுக்கு வந்தார். கஞ்சி போடக் கற்றுக்கொடுக்க அவர் வாங்கியது 4 அல்லது 5 பவுண்டு. கஞ்சி காய்ச்சும் பக்குவத்துக்குத் தனியாக 20 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. லண்டனில் கைத்தொழில் தெரிந்த ஒருவருக்கு நாள்கூலியே சுமார் ஒரு ஷில்லிங்தான். அப்படியானால் கஞ்சிப் பாடத்துக்கு ஒரு தச்சரின் மூன்று நான்கு மாதச் சம்பாத்தியம் தேவைப்பட்டது. ஊர்பேர் தெரியாத நாட்டுக்கு வந்த ஒரு பெண் தன் கைத்தொழிலை வைத்து இவ்வளவு சம்பாதித்ததை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதே இல்லை.

கஞ்சி போட்டு, ஈரம் காய்வதற்குள் சூடான இரும்புக் கோலால் ஒவ்வொரு மடிப்பையும் உருட்டி நிறுத்துவார்கள். மழையில் நனைந்தால் எல்லாம் தொங்கிவிடும், துவைத்தால் மறுபடி முதலிலிருந்து. பெரிய ரஃப்புக்கு அடியில் கம்பிச் சட்டம் வைத்துத் தாங்குவார்கள். பிலிப் ஸ்டப்ஸ் என்ற ஒழுக்கவாதி 1583-இல் கஞ்சியைச் 'சாத்தானின் திரவம்' என்று திட்டி எழுதினார். அவருடைய கோபத்தின் புண்ணியத்தில்தான் ரஃப் பற்றிய பல நுணுக்கங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

விரும்பியதை உடுத்தலாமா?

சட்டப்படி முடியாது. யார் எந்தத் துணி, எந்த நிறம், எந்த ரோமம் அணியலாம் என்று எட்டாம் ஹென்றி காலத்திலேயே 1510, 1533 என்று பல சட்டங்கள் வந்தன. எலிசபெத் அவற்றை அரசாணைகளாகத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். 1574-ஆம் ஆண்டு ஆணை மிகவும் விரிவானது. ஊதாப் பட்டு, தங்கச் சரிகைத் துணி, சேபிள் ரோமம் ஆகியவை அரச குடும்பத்துக்கும் மிக உயர்ந்த பிரபுக்களுக்கும் மட்டும். வெல்வெட்டுக்கும் சாட்டினுக்கும் பதவி, வருமானம் பார்த்து அடுத்தடுத்த படிகள்.

காரணத்தையும் அந்த ஆணையே சொல்கிறது. வெளிநாட்டுத் துணிக்கு நாட்டின் பணம் போகிறது, இளைஞர்கள் உடைக்காகக் கடன்பட்டு நிலத்தை விற்றுச் சீரழிகிறார்கள் என்று. அது உண்மையான கவலைதான். ஆனால் அதற்கடியில் இன்னொரு அச்சமும் இருந்தது. வியாபாரத்தில் பணம் சேர்த்தவனும் பிறப்பால் பிரபுவானவனும் தெருவில் ஒரே மாதிரி நடந்தால் யார் யாருக்குத் தொப்பி கழற்றுவது?

அமல்படுத்தவும் முயன்றார்கள். 1565-இல் ரிச்சர்ட் வால்வின் என்ற வேலைக்காரர் அளவுக்கு மீறி உப்பிய ஹோஸ் அணிந்ததற்காக லண்டனில் பிடிபட்டார். ஒழுங்கான வேறு ஹோஸ் வாங்கும்வரை காவலில் இருக்கவேண்டும், அந்தப் பழைய ஹோஸை மக்கள் பார்க்கும்படி பொது இடத்தில் வைக்கவேண்டும் என்று உத்தரவு. நகர வாயில்களிலும் கண்காணிக்க ஆள் நிறுத்தினார்கள். வாளின் நீளத்துக்கும் அளவு உண்டு: ஒரு கஜமும் அரைக்கால் கஜமும். அதற்கு மேல் இருந்தால் முறித்துவிடலாம். இவ்வளவு செய்தும், எலிசபெத் ஆட்சியில் அந்த ஆணையை மீண்டும் மீண்டும் போடவேண்டியிருந்ததே, அதிலிருந்தே யாரும் பெரிதாகக் கேட்கவில்லை என்று தெரிகிறது. 1604-இல் இந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன.

இதோடு சேர்த்து 1571-ஆம் ஆண்டின் தொப்பிச் சட்டத்தையும் சொல்லவேண்டும். ஆறு வயதுக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் ஞாயிறும் திருநாளும் உள்நாட்டுக் கம்பளித் தொப்பி அணியவேண்டும். பெண்களில் சீமாட்டிகளுக்கும் திருமணமாகாதவர்களுக்கும், ஆண்களில் நிலமுள்ள கனவான்களுக்கும் விலக்கு. அணியாவிட்டால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்னி அபராதம். தொப்பி பின்னுபவர்களின் பிழைப்பைக் காப்பாற்றப் போட்ட சட்டம் இது. 1597-இல் இதுவும் போய்விட்டது.

அவர்கள் குளிக்கவே மாட்டார்களாமே?

உடம்பு முழுவதையும் நீரில் நனைத்துக் குளிப்பது அரிதுதான். ஆனால் அழுக்காகவே திரிந்தார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெல்வெட்டையும் பட்டையும் துவைக்க முடியாது, துலக்கித்தான் வைக்கவேண்டும். துவைத்தது உள்ளே இருந்த லினனை. உள்ளங்கி வியர்வையையும் எண்ணெய்ப் பசையையும் உறிஞ்சிக்கொள்ளும், அதை அடிக்கடி மாற்றினால் உடம்பு சுத்தம் என்பது அவர்கள் நம்பிக்கை. முகம், கை, பல் இவற்றைத் தினமும் சுத்தம் செய்தார்கள். தலையைச் சீப்பால் வாரிப் பேன் எடுத்தார்கள்.

துணியைத் தொட்டியில் அடுக்கி, மரச்சாம்பல் கரைத்த நீரை மேலிருந்து ஊற்றிக் கீழே வடியவிட்டு, மறுபடி ஊற்றுவார்கள். பிறகு ஆற்றில் அலசிப் புல்வெளியில் விரிப்பார்கள். 1550களில் வரைந்த லண்டன் செப்புத்தகட்டு வரைபடத்தில், நகரச் சுவருக்கு வெளியே மூர்ஃபீல்ட்ஸ் வெளியில் பெண்கள் துணி விரித்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு நகரத்தின் வரைபடத்தில் சலவைக்கும் இடம் கொடுத்த அந்த ஓவியரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

முகத்தில் ஈயம் பூசினார்களா?

ஆம். ஈயத்தைக் காடியின் (வினிகர்) ஆவியில் வைத்தால் வெள்ளைத் தூள் படியும், அதைக் குழைத்துப் பூசுவார்கள். கன்னத்துக்குப் பாதரசம் கலந்த சிவப்பு. இரண்டுமே நஞ்சு. வெளுத்த தோல் வெயிலில் உழைக்காதவளின் அடையாளமாக இருந்ததால் அதற்கு இத்தனை மதிப்பு.

எலிசபெத் 1562 அக்டோபரில் பெரியம்மை வந்து சாகக் கிடந்தது உண்மை. அவருக்குப் பணிவிடை செய்த மேரி சிட்னிக்குத்தான் அம்மைத் தழும்பால் முகம் உருக்குலைந்தது. அரசி தன் தழும்பை மறைக்க முகமெல்லாம் ஈயம் அப்பி அதனாலேயே இறந்தார் என்று பரவும் கதைக்கு ஆதாரம் கிடையாது. பல் கறுத்தது மட்டும் உறுதி. 1598-இல் அவரைப் பார்த்த ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், ஆங்கிலேயர்கள் சர்க்கரையை அதிகம் தின்பதால் இப்படி ஆகிறது என்று எழுதியிருக்கிறார்.

அரசிக்கு 3,000 உடைகள் இருந்தனவா? அவையெல்லாம் எங்கே?

அந்த எண்ணை நம்பாதீர்கள். 1600-இல் எடுத்த பட்டியலே இருக்கிறது. அதில் அங்கிகள் 99, பிரெஞ்சு கவுன் 102, உள்பாவாடை 125, கர்ட்டில் 126, முன்துண்டு 136 என்று தனித்தனியாக எண்ணியிருக்கிறார்கள். மேலே சொன்னபடி, இவற்றில் பலவற்றைச் சேர்த்தால்தான் ஒரு முழு உடை.

எதுவும் மிஞ்சாததற்குக் காரணம், துணியை யாரும் வீணாக்கவில்லை. அரசியே பணிப்பெண்களுக்குக் கொடுத்தார். அவர் இறந்த மறுவருடம், 1604-இல், அடுத்து அரியணை ஏறிய ஜேம்ஸ் மன்னரின் மனைவி ஆன் அரண்மனை நாட்டிய நாடகத்துக்காக அந்த உடைகளை எடுத்து வெட்டிப் பயன்படுத்தினார். ஆனால் ஒரு துண்டு தப்பித்தது. ஹெரஃபர்ட்ஷயரில் பேக்டன் என்ற சிற்றூர்த் தேவாலயத்தில் பல நூற்றாண்டு பலிபீடத் துணியாக இருந்த ஒன்றை, எலிசபெத்தின் உடையாக இருந்திருக்கக்கூடும் என்று சில ஆண்டுகளுக்கு முன் அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். வெள்ளி இழை ஓடும் வெண்பட்டில் பூக்களும் பூச்சிகளும் தைத்த துணி. அரசிக்கு வாழ்நாள் முழுக்க ஊழியம் செய்த பிளாஞ்ச் பாரியின் சொந்த ஊர் அது.

ஏழைகள் என்ன உடுத்தினார்கள்?

கம்பளி. பெரும்பாலும் சாயமேற்றாத பழுப்பு, சாம்பல் நிறங்கள், அல்லது வோட் செடியின் நீலம், மேடர் வேரின் சிவப்பு. உள்ளே சணல்நார் அல்லது முரட்டு லினன். கிராமத்துப் பெண்ணின் உடை முன்பக்கம் முடிச்சிடுவது, தானே உடுத்திக்கொள்ளலாம். ஏழைகளை யாரும் ஓவியமாகத் தீட்டவில்லை, அவர்கள் துணி கந்தலாகும்வரை உழைத்தது. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் கிடைத்த தோல் காலணிகளும் மேற்சட்டைகளும் சீப்புகளும்தான் சாதாரண மனிதனை நேரில் பார்ப்பது போல் காட்டுகின்றன.

அப்படியென்றால் ஏழை நடிகர்களுக்கு வெல்வெட் எப்படிக் கிடைத்தது?

1599-இல் லண்டன் வந்த சுவிட்சர்லாந்துக்காரர் தாமஸ் பிளாட்டர் இதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார். பிரபுக்கள் சாகும்போது தங்கள் நல்ல உடைகளை வேலைக்காரர்களுக்கு விட்டுப்போவார்கள். வேலைக்காரன் அதை அணிவது தகாது. அதனால் நடிகர்களுக்குக் குறைந்த விலையில் விற்றுவிடுவான். மேடையில் நின்ற அரசன் உண்மையான பிரபுவின் சட்டையையே அணிந்திருந்தான்.

நாடகக் கொட்டகை முதலாளி பிலிப் ஹென்ஸ்லோ அடகுத்தொழிலும் நடத்தியவர். அவருடைய கணக்குப் புத்தகம் கிடைத்திருக்கிறது. 1603-இல் தாமஸ் ஹேவுட் எழுதிய ஒரு நாடகத்துக்கு அவர் கொடுத்தது 6 பவுண்டு. அதே நாடகத்தின் நாயகிக்குக் கறுப்பு வெல்வெட் கவுன் வாங்க ஆனது 6 பவுண்டு 13 ஷில்லிங். நாடகத்தைவிட கவுன் விலை அதிகம். அந்தக் கவுனை அணிந்தவன் ஒரு பையன், ஏனென்றால் பொதுமேடையில் பெண்கள் நடிக்கவில்லை.

ஷேக்ஸ்பியரின் உயிலையும் இங்கே நினைவுபடுத்தவேண்டும். 1616-இல் தன் தங்கை ஜோனுக்கு 20 பவுண்டும் தன் உடைகள் அனைத்தையும் எழுதி வைத்தார். ஆணின் உடை தங்கைக்கு எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். ஜோனின் கணவர் தொப்பி செய்பவர், வசதியில்லாத குடும்பம், மூன்று பையன்கள். அண்ணன் இறப்பதற்கு ஒரு வாரம் முன்புதான் கணவரும் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு அந்த உடைகள் பிள்ளைகளுக்கு வெட்டித் தைக்கக்கூடியவை, தேவைப்பட்டால் விற்கக்கூடியவை.

நிறங்களுக்கு அர்த்தம் உண்டா?

உண்டு, ஆனால் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். நீலம் வேலைக்காரர்கள், தொழில் பழகுபவர்களின் நிறம். நல்ல ஆழமான கறுப்பு மிக விலை உயர்ந்தது, ஏனென்றால் பல சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றவேண்டும். கறுப்பும் வெள்ளையும் எலிசபெத்தின் சொந்த நிறங்கள்.

இந்தியத் துணி போயிருந்ததா?

கொஞ்சம். 1592-இல் ஆங்கிலேயர்கள் பிடித்து டார்ட்மவுத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த மாத்ரே தெ தேயுஸ் என்ற போர்ச்சுகீசியக் கப்பலில் மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டையோடு காலிகோ என்ற பருத்தித் துணியும் இருந்தது. காலிகோ என்ற பெயரே நாம் கள்ளிக்கோட்டை என்று சொல்லும் கோழிக்கோட்டிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1600 டிசம்பர் 31-இல் உரிமம் பெற்றது. பருத்தி அலை அதற்குப் பிறகான கதை.

கல்லூரி நாடகத்துக்கு எதில் கவனம் வைக்கலாம்?

பளபளக்கும் பாலியஸ்டரைத் தவிருங்கள். மங்கலான கனத்த திரைச்சீலைத் துணி மேடையில் வெல்வெட்டாகவே தெரியும். ஜிப் வேண்டாம், கயிறு கோத்துக் கட்டுங்கள். திருமணமான பெண் பாத்திரங்களின் தலை மூடியிருக்கட்டும். கழுத்திலும் மணிக்கட்டிலும் வெள்ளை எட்டிப்பார்க்கவேண்டும், அது வந்தாலே பாதி வேலை முடிந்தது.

ரஃப்பைக் காகிதத்தில் செய்யாதீர்கள், அசையும்போது சத்தம் போடும். பழைய பருத்தி வேட்டியை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து, கெட்டியாகக் கஞ்சி போட்டு, 8 வடிவ மடிப்புகளாகக் கொசுவி ஒரு நாடாவில் தையுங்கள். நடிப்பவரின் கழுத்து வியர்வையில் அது தளர்ந்துவிடும். மறுநாளும் காட்சி இருந்தால் அன்று இரவே அலசி மறுபடி கஞ்சி போட்டு வைக்கவேண்டும், அதற்கென்று ஒருவரை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.